போர்டுக்கென்று ஒரு தனி அறை: டெபியனின் கிராஸ் கம்பைல் ஏற்பாடு தேறுமா?

பீகிள்போன் பிளாக் மாதிரியான சின்ன கணினி போர்டுக்கு நிரல் எழுதுகிறவர்கள் டெபியன் லினக்ஸ் தருகிற கிராஸ் கம்பைல் (ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைச் சிப்புக்கான நிரலைக் கட்டுவது) பேக்கேஜ்களோடு நின்றுகொள்ளலாமா, வேறு டூல்செயின் (கம்பைலர், லிங்கர் அடங்கிய கருவித் தொகுப்பு) தேடிப் போக வேண்டுமா? போர்டில் ஓடுவது டெபியன், அதன் சிப் ஏஆர்எம் வகையின் ஏழாம் தலைமுறையான ஏஆர்எம்வி7 அல்லது அதற்கு மேற்பட்டது என்றால் தாராளமாக நின்றுகொள்ளலாம். டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவியால் ஒரு தனி அறை (உங்கள் கணினியின் ஓர் அடைவுக்குள் அமரும் இன்னொரு டெபியன்) கட்டி, எஸ்சிஎச்ரூட் என்ற கருவி வழியாக அதற்குள் போய், கிராஸ்பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜை நிறுவினால் வேலை முடிந்தது. இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு நம்பகமான ஏற்பாடு வேறு இல்லை என்பது என் முடிவு. ராஸ்ப்பெரி பை ஸீரோவோ முதல் தலைமுறை ராஸ்ப்பெரி பையோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது. காரணம் பின்னால் வருகிறது.

போர்டிலேயே கம்பைல் செய்தால் என்ன என்று கேட்கலாம். பீகிள்போன் பிளாக்கில் இருப்பது 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ8, ஒரே கோர், 512 எம்பி நினைவகம். சி நிரல் என்றால் பொறுமையாகக் காத்திருக்கலாம். டெம்ப்ளேட் நிறைந்த சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்று வந்தால் கம்பைலருக்கே நினைவகம் போதாமல், கர்னல் அதை நடுவில் கொன்றுவிடும். ஸ்வாப் (டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்துவது) கூட்டினால் தப்பிக்கலாம், ஆனால் அத்தனை எழுத்தும் ஃபிளாஷ் நினைவகத்தின் ஆயுளில்தான் கழியும்.

சரி, வலுவான கணினியிலேயே கம்பைல் செய்வோம். அதற்கு ஏன் தனி அறை? இந்த ஏற்பாட்டின் உண்மையான மதிப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கிராஸ் கம்பைலரை எந்த உபுண்டுவிலும் நேரடியாக நிறுவலாம், நிரலும் உருவாகும். ஆனால் பழைய பதிப்பு ஓடும் போர்டுக்குப் போனதும் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. ஜிலிப்சி 2.34 பதிப்பில் த்ரெட்களுக்கான பித்ரெட் லைப்ரரி லிப்சிக்குள்ளேயே இணைக்கப்பட்டது, நிரல் தொடங்கும் சிம்பலுக்கும் (லைப்ரரி தரும் ஃபங்ஷனின் பெயர்) அப்போது புதிய பதிப்பு எண் வந்தது. அதனால் 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சியில் இணைத்த நிரல், வெறும் வணக்கம் சொல்லும் நிரலாக இருந்தாலும், பழைய ஜிலிப்சி உள்ள போர்டில் ஓடாது. டெபியன் 11-இல் இருப்பது 2.31, டெபியன் 12-இல் 2.36, டெபியன் 13-இல் 2.41. உபுண்டு 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. டெபியன் 12 போர்டுக்கு உபுண்டு 24.04-இலிருந்து கம்பைல் செய்வது சில நிரல்களுக்குச் சரியாக வரும், சிலவற்றுக்கு வராது. எப்போது உடையும் என்று முன்கூட்டித் தெரியாததுதான் இதில் பெரிய தொல்லை. சி பிளஸ் பிளஸ் லைப்ரரியிலும் இதே கதை. டெபியன் 12-இல் உள்ள ஜிசிசி 12 கம்பைலரின் லைப்ரரி 3.4.30 வரையான சிம்பல்களைத் தரும். ஜிசிசி 13 கேட்பது 3.4.32 என்றால் போர்டு கைவிரித்துவிடும்.

சிலர் எல்லா லைப்ரரிகளையும் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைத்துத் தப்பிக்கிறார்கள். ஜிலிப்சியில் அது அரைகுறைத் தீர்வுதான். பெயரிலிருந்து முகவரி தேடும் ஃபங்ஷன்கள் ஓடும் நேரத்தில் பெயர் தேடலுக்கான என்எஸ்எஸ் லைப்ரரிகளை ஏற்ற முயலும், அவை அதே பதிப்பில் இருக்க வேண்டும். லிங்கர் இதை எச்சரிக்கையாகச் சொல்லும், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆக, போர்டில் எந்த டெபியனோ அதே டெபியன் அறைக்குள்ளும் இருக்க வேண்டும். கம்பைலரைவிட இந்தப் பொருத்தம் முக்கியம்.

அறை கட்டுவது எளிது. டெபூட்ஸ்ட்ராப், எஸ்சிஎச்ரூட் இரண்டையும் கணினியில் நிறுவுங்கள். டெபூட்ஸ்ட்ராப்புக்கு வேரியன்ட் என்ற இடத்தில் 'பில்ட்டி' என்றும், பதிப்பாக 'புக்வர்ம்' (டெபியன் 12-இன் பெயர்) என்றும், இடமாக எஸ்ஆர்வி அடைவின் கீழ் ஒரு பெயரும் கொடுத்தால் அடிப்படை டெபியனும் பில்ட் எசென்ஷியலும் அங்கே வந்து உட்காரும். 4 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி. 'நோடெவ்' அல்லது 'நோஎக்ஸெக்' விருப்பத்தோடு மவுன்ட் செய்த பார்ட்டிஷனில் டெபூட்ஸ்ட்ராப் வேலை செய்ய மறுக்கும். வெளி டிஸ்க்கில் அறை கட்ட நினைப்பவர்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். இங்கே ஆர்க்கிடெக்சராக ஏஆர்எம்எச்எஃப் (32 பிட் ஏஆர்எம் போர்டுகளுக்கு டெபியன் வைத்த பெயர்) என்று கொடுக்கக் கூடாது. அறை உங்கள் கணினியின் ஏஎம்டி64 (64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கான பெயர்) ஆகவே இருக்கட்டும். ஏஆர்எம் லைப்ரரிகள் பிறகு விருந்தாளியாக உள்ளே வரும்.

அடுத்தது எஸ்சிஎச்ரூட்டின் அமைப்புக் கோப்பு. 'சிஎச்ரூட்.டி' அடைவில் ஒரு கோப்பு எழுதி, டைப் என்ற வரியில் டைரக்டரி, டைரக்டரி என்ற வரியில் அறையின் பாதை, யூசர்ஸ் என்ற வரியில் உங்கள் பயனர் பெயர், யூனியன்-டைப் என்ற வரியில் ஓவர்லே என்று நிரப்புங்கள். ஓவர்லே (மாற்றங்களை அறைக்கு மேல் தற்காலிக அடுக்கில் வைக்கும் முறை) இருந்தால் ஒவ்வொரு செஷனும் சுத்தமான அறையோடு தொடங்கும். உள்ளே நீங்கள் செய்த குளறுபடியெல்லாம் வெளியே வந்ததும் மறையும். பேக்கேஜ் நிறுவுவது போன்ற நிலையான மாற்றத்துக்கு அறையின் பெயருக்கு முன் 'சோர்ஸ்' என்று சேர்த்து, ரூட் பயனராக நுழைய வேண்டும். இதை மறந்து சாதாரண செஷனில் அரை மணி நேரம் பேக்கேஜ் நிறுவினால் அத்தனையும் காற்றில் போகும்.

எஸ்சிஎச்ரூட்டின் இயல்புநிலை புரொஃபைல் மேல் எனக்குக் கடுமையான குறை உண்டு. அது உங்கள் ஹோம் அடைவையும் டெம்ப் அடைவையும் அப்படியே அறைக்குள் மவுன்ட் செய்துவிடுகிறது. சுவர் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஹோம் உள்ளே வந்தால் அதனுள் இருக்கும் ரஸ்டின் கார்கோ அடைவு, பைதானின் பயனர் லைப்ரரிகள், சிமேக் என்ற பில்ட் கருவியின் பேக்கேஜ் பதிவேடு எல்லாம் கூடவே வரும். சிமேக் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, எப்போதோ இன்டெல் கணினிக்கெனக் கட்டிய லைப்ரரியைக் கண்டுபிடித்தேன் என்று மகிழ்ச்சியாகச் சொல்லும். உங்கள் கணினியில் கட்டுகிற புராஜெக்ட் இன்னொருவர் கணினியில் கட்டாமல் போவதற்கு இதுவே போதும். திருத்துவது எளிது: டிஃபால்ட் புரொஃபைல் அடைவைப் புதுப் பெயரில் நகலெடுத்து, அதன் எஃப்எஸ்டேப் (மவுன்ட் பட்டியல்) கோப்பில் ஹோம், டெம்ப் வரிகளை அழித்து, சோர்ஸ் கோடு இருக்கும் ஒரே ஒரு அடைவுக்கு மட்டும் பைண்ட் மவுன்ட் (ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் தெரியவைப்பது) வரி சேர்த்துவிடுங்கள். அமைப்புக் கோப்பின் புரொஃபைல் வரியில் அந்தப் புதுப் பெயரைக் கொடுங்கள். இதன் பிறகு ஹோமில் நின்றுகொண்டு கட்டளை கொடுத்தால் அந்த அடைவு உள்ளே இல்லை என்று எஸ்சிஎச்ரூட் புகார் செய்யும். டைரக்டரி விருப்பத்தில் உள்ளே உள்ள பாதையைச் சொன்னால் தீர்ந்தது. சூழல் மாறிகளை அது தானாகவே துடைத்துவிடுகிறது, அந்த விஷயத்தில் பாராட்டலாம்.

அறையை நீக்கும்போது கவனம் தேவை. முதலில் திறந்திருக்கும் செஷன்களைப் பட்டியலிட்டு எல்லாவற்றையும் முடியுங்கள். பிறகு 'ஃபைண்ட்மவுன்ட்' கட்டளையில் அறைக்குள் எதுவும் மவுன்ட் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். கையால் பைண்ட் மவுன்ட் செய்த ஹோம் உள்ளே இருக்கும்போது அறையை மொத்தமாக அழித்தால் உங்கள் நிஜ ஹோம் அடைவும் சேர்ந்து அழியும். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் நில் என்ற ஆர்எம் விருப்பமும் இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் பைண்ட் மவுன்ட் பெரும்பாலும் அதே ஃபைல்சிஸ்டம்தான். இன்னொன்று: இது பில்டைப் பிரித்து வைக்கும் அறை, பாதுகாப்புச் சிறை இல்லை. நம்பத்தகாத கோடை இதற்குள் ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது.

இனி டெபியனின் நிஜமான பலம், மல்டிஆர்ச், அதாவது இரண்டு ஆர்க்கிடெக்சர்களின் லைப்ரரிகளை ஒரே டெபியனில் வைப்பது. அறைக்குள் ரூட்டாக நுழைந்து பேக்கேஜ் கருவியான டிபிகேஜிக்கு ஏஆர்எம்எச்எஃப் என்ற கூடுதல் ஆர்க்கிடெக்சரைச் சொல்லுங்கள். ஏபிடி அப்டேட் செய்து, 'கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஏஆர்எம்எச்எஃப்' நிறுவுங்கள். கம்பைலர், லிங்கர், ஜிலிப்சி ஹெடர்கள் எல்லாம் வந்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி வேண்டுமா? டெவ் பேக்கேஜின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து ஏஆர்எம்எச்எஃப் என்று எழுதினால், போர்டில் இருக்கும் அதே பதிப்பு லைப்ரரி அறைக்குள் தன் தனி அடைவில் வந்து அமரும். போர்டிலிருந்து ஆர்சிங்க் போட்டு சிஸ்ரூட் (கம்பைலருக்குத் தேவையான போர்டின் லைப்ரரி, ஹெடர் கோப்புகள்) நகலெடுக்க வேண்டியதில்லை. அப்படி நகலெடுத்தவர்களுக்கு அதன் வலி தெரியும். முழுப்பாதையோடு எழுதிய சிம்பாலிக் லிங்குகள் எல்லாம் உங்கள் கணினியின் சொந்த லைப்ரரிகளைச் சுட்டும், அவற்றை ஒவ்வொன்றாகச் சார்புப் பாதைக்கு மாற்ற வேண்டும்.

மல்டிஆர்ச்சின் கட்டுப்பாடுகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே லைப்ரரி இரண்டு ஆர்க்கிடெக்சரில் இருந்தால் இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். மிரரில் ஏஎம்டி64 புதுப்பிப்பு வந்து, ஏஆர்எம்எச்எஃப் இன்னும் வராத இடைவெளியில் ஏபிடி, பேக்கேஜ்கள் உடைந்திருக்கின்றன என்று முரண்டு பிடிக்கும். அமைப்பில் தவறு இல்லை. முழு அப்கிரேடு செய்து பாருங்கள், சரியாகாவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள். சில டெவ் பேக்கேஜ்கள் இரண்டு ஆர்க்கிடெக்சரில் சேர்ந்து இருக்க மறுக்கும். அப்போது ஏபிடி எதையெல்லாம் நீக்கப் போகிறது என்று காட்டுகிற பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொன்னால் பைதானோ பில்ட் கருவிகளோ காணாமல் போகலாம். ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்ஷன் தேவைப்படும் புராஜெக்ட்கள் இன்னும் தலைவலி, அதன் ஸ்கேனர் போர்டுக்கான நிரலை பில்ட் நேரத்திலேயே ஓட்டிப் பார்க்கும்.

லைப்ரரி எங்கே இருக்கிறது என்று பில்டுக்குச் சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் விஷயத்தில் டெபியன் நன்றாகவே செய்திருக்கிறது. கம்பைலரைப் போலவே ஆர்க்கிடெக்சர் முன்னொட்டோடு தனி பேக்கேஜ்-கான்ஃபிக் கட்டளை கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஏஆர்எம் லைப்ரரிகளை மட்டுமே காட்டும். முன்னொட்டு இல்லாததைப் பயன்படுத்தி, பாத் மாறியில் ஏஆர்எம் அடைவைச் சேர்ப்பது தவறான வழி. பாத் மாறி தேடல் பட்டியலில் கூடுதலாகச் சேர்க்குமே தவிர இன்டெல் அடைவை விலக்காது. விலக்க வேண்டுமானால் லிப்டிர் மாறியை மாற்ற வேண்டும்.

சிமேக்குக்கு டூல்செயின் கோப்பில் சிஸ்டம் பெயர் லினக்ஸ், புராசஸர் ஏஆர்எம், சி மற்றும் சி பிளஸ் பிளஸ் கம்பைலர்களின் முன்னொட்டுப் பெயர்கள், பேக்கேஜ்-கான்ஃபிக் கட்டளையின் பெயர் ஆகியவை போதும். சிஸ்டம் பெயரை விட்டுவிட்டால் சிமேக் இதை கிராஸ் பில்டாகவே கருதாது. முதல் கான்ஃபிகரிலேயே இந்தக் கோப்பைக் கொடுக்க வேண்டும். பிறகு நினைவு வந்து சேர்த்தால் எடுபடாது, பில்ட் அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மேசன் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் 'என்வ்2எம்ஃபைல்' கட்டளைக்கு டெபியன் ஆர்க்கிடெக்சர் பெயரைக் கொடுத்தால் கிராஸ் கோப்பை அதுவே எழுதித் தரும்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டோடு வரும் ஆட்டோகான்ஃப் புராஜெக்ட்களில் ஹோஸ்ட் (நிரல் ஓடப்போகும் போர்டு), பில்ட் (கட்டுகிற கணினி) இரண்டையும் சொல்லுங்கள். கம்பைலரைக் குறிக்கும் சிசி மாறியை மட்டும் மாற்றினால் வரும் சிக்கல் நுட்பமானது. வேறு சிப்பைப் போல நடிக்கும் கியூஎம்யுவை நிறுவி, ஏஆர்எம் நிரலைக் கண்டால் அதை அழைக்கும்படி கர்னலில் பின்எஃப்எம்டி பதிவு செய்திருந்தால் ஏஆர்எம் நிரல் உங்கள் கணினியில் அப்படியே ஓடும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தன் சோதனை நிரலை ஓட்டிப் பார்க்கும், ஓடிவிடும், கிராஸ் கம்பைல் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடும். கியூஎம்யு இல்லாத பில்ட் சர்வரில் அதே புராஜெக்ட் விழும்போதுதான் தவறு தெரியவரும். இதற்கு நேர்மாறாக, கிராஸ் என்று அறிந்த பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் ஓட்டிப் பார்க்க முடியாத இடத்தில் மோசமானதையே ஊகிக்கும். லிங்க் செய்யும்போது 'ஆர்பிஎல்_மேலாக்' கிடைக்கவில்லை என்று வந்தால் காரணம் இதுதான். மேலாக் பூஜ்ய அளவுக்கும் நல் அல்லாததைத் தரும் என்று சொல்லும் கேஷ் மாறிக்கு 'யெஸ்' என்று முன்கூட்டிக் கொடுத்தால் சரியாகும்.

வெறும் மேக்ஃபைல்களில் சிசி என்பது ஜிசிசி என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கும். சூழல் மாறியால் அதை மாற்ற முடியாது, மேக் கட்டளை வரியிலேயே சிசியைக் கொடுக்க வேண்டும். ஏஆர், ஸ்ட்ரிப் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இன்ஸ்டால் கட்டளை ஸ்ட்ரிப் விருப்பத்தோடு எழுதப்பட்டிருந்தால் இன்டெல் ஸ்ட்ரிப் ஏஆர்எம் கோப்பைப் பார்த்து வடிவம் புரியவில்லை என்று நிற்கும்.

சோதனைக்கு கியூஎம்யு அருமையான துணை, ஆனால் அதன் இயல்புநிலை எல்லாத் திறன்களும் கொண்ட ஒரு கற்பனை சிபியு. உங்கள் போர்டில் இல்லாத இன்ஸ்ட்ரக்ஷனையும் அது மறுக்காமல் ஓட்டும். கியூஎம்யு சிபியு என்ற சூழல் மாறியில் கார்டெக்ஸ்-ஏ8 என்று கொடுத்து ஓட்டினால்தான் சோதனைக்கு மரியாதை. அந்த மாறியை அறைக்குள் சென்ற பிறகு அமைக்க வேண்டும், வெளியே அமைத்தால் எஸ்சிஎச்ரூட் துடைத்துவிடும்.

இப்போது ராஸ்ப்பெரி பை ஸீரோ. ஸீரோ, ஸீரோ டபிள்யூ, முதல் தலைமுறை பை எல்லாவற்றிலும் இருப்பது ஏஆர்எம்1176 கோர், அதாவது ஏஆர்எம்வி6. டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் என்பது ஏஆர்எம்வி7-க்கும் விஎஃப்பிவி3 என்ற ஃபுளோட்டிங் பாயின்ட் யூனிட்டுக்கும் கட்டப்பட்டது. ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்போ அதே ஏஆர்எம்எச்எஃப் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஏஆர்எம்வி6-க்குக் கட்டப்படுகிறது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. டெபியன் கம்பைலரில் கட்டிய நிரல் ஸீரோவில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். கம்பைலரின் '-march' விருப்பத்தில் ஏஆர்எம்வி6 கொடுத்தாலும் தப்பாது. உங்கள் கோடு மாறும், ஆனால் கூடவே இணையும் தொடக்க ஆப்ஜெக்ட் கோப்புகளும் லிப்ஜிசிசியும் ஏஆர்எம்வி7-க்கு ஏற்கெனவே கட்டப்பட்டவை. ஸீரோ 2 டபிள்யூவில் கார்டெக்ஸ் ஏ53 இருப்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஸீரோ வைத்திருப்பவர்கள் டூல்செயினைத் தாங்களே கட்டிக்கொள்ள உதவும் கிராஸ்டூல்-என்ஜி பக்கம் போகலாம். சிபியுவாக ஏஆர்எம்1176ஜேஇசட்எஃப்-எஸ், எஃப்பியுவாக விஎஃப்பி, ஃபுளோட்டிங் பாயின்ட் ஹார்டு, ஜிலிப்சி பதிப்பு போர்டில் உள்ளதற்குச் சமமாகவோ குறைவாகவோ என்று தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும். ரூட்டாக ஓட்டினால் அது மறுக்கும். முடிந்ததும் எக்ஸ்-டூல்ஸ் அடைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும், அதற்குள் லைப்ரரி நகலெடுக்கப் பார்த்து அனுமதி இல்லை என்று வந்தால் குழம்ப வேண்டாம். கணினியைப் பொறுத்து அரை மணி முதல் சில மணி நேரம் வரை எடுக்கும். துல்லியத்தில் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் கிடைப்பது கம்பைலரும் ஜிலிப்சியும்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் முதல் மற்ற லைப்ரரிகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஏஆர்எம் நிறுவனமே தரும் ஜிஎன்யு டூல்செயினுக்கும் இதே குறை உண்டு, அதோடு அதில் வரும் ஜிலிப்சி எந்தப் பதிப்போ அதுதான் உங்களுக்கும்.

முழு ஏஆர்எம் அறையையே கியூஎம்யுவில் ஓட்டி, உள்ளே சாதாரணமாகக் கம்பைல் செய்வது இன்னொரு வழி. கிராஸ் என்ற பேச்சே இல்லாததால் மனதுக்கு இதமாக இருக்கும், வேகம்தான் பலமடங்கு குறையும். அதிலும் 32 பிட் ஏஆர்எம் நிரலை 64 பிட் கணினியில் ஓட்டும்போது அடைவுப் பட்டியல் படிப்பதில் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் தரும் 64 பிட் எண் 32 பிட்டில் அடங்காமல், கண்ணெதிரே இருக்கும் கோப்பை சிமேக் காணவில்லை என்று சொல்லும். கிராஸ் முறை பிடிவாதமாக ஒத்துவராத ஒன்றிரண்டு பேக்கேஜுக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

கர்னல் கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்ச், கிராஸ் கம்பைல் மாறிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, கான்ஃபிக் 'மல்டி_வி7'. ஆனால் கர்னலின் உதவி நிரல்கள் உங்கள் கணினியில் ஓடுபவை, அதனால் லிப்எஸ்எஸ்எல் டெவ் பேக்கேஜ் இங்கே ஏஎம்டி64 ஆக வேண்டும். ஏஆர்எம்எச்எஃப் மட்டும் நிறுவியிருந்தால் பாதியில் நிற்கும். மாட்யூல் நிறுவும்போது இன்ஸ்டால் மாட் பாத் கொடுக்க மறந்தால் அவை அறையின் லிப் அடைவுக்குள் கொட்டும். ஓவர்லே இருப்பதால் செஷனை மூடினால் போதும், கணினிக்கு ஒன்றும் ஆகாது. தனி அறையின் அருமை இந்த மாதிரி நேரத்தில் நன்றாகவே தெரியும்.

டெபியன் 13-க்குப் போகிறவர்கள் பழைய அறையை அப்கிரேடு செய்யாமல் புதிதாகக் கட்டுங்கள். அந்தப் பதிப்பில் ஏஆர்எம்எச்எஃப், 2038-இல் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் சிக்கலுக்காக 64 பிட் டைம்-டிக்கு (நேரத்தை வைக்கும் சி வகை) மாறிவிட்டது, பல லைப்ரரிகளின் பெயரிலேயே 'டி64' ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெபியன் 12-இல் கட்டி வைத்த உங்கள் சொந்த லைப்ரரியை 13-இன் லைப்ரரிகளோடு இணைத்தால், நேரத்தைக் கொண்ட ஸ்ட்ரக்சர்களின் அளவு ஒத்துப்போகாமல் அமைதியாகத் தப்பும் தவறுமாக ஓடும்.

ஏஆர்எம்மில் சி மொழியின் கேர் (எழுத்து) வகை இயல்பாகக் குறியற்றது, இன்டெல்லில் குறியுள்ளது. கெட்கேரின் விடையை கேரில் வாங்கி, கோப்பின் முடிவோடு ஒப்பிடும் லூப் இன்டெல்லில் முடியும், போர்டில் முடியவே முடியாது. கம்பைலர் மேல் பழி போடும் முன் இதைப் பாருங்கள்.

போர்டுக்கு அனுப்பும் முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். 'ஃபைல்' கட்டளை 32 பிட் ஏஆர்எம் என்றும், இன்டர்பிரட்டர் எல்டி-லினக்ஸ்-ஏஆர்எம்எச்எஃப் என்றும் காட்ட வேண்டும். வேறு லோடர் பெயர் இருந்தால் போர்டில் கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'அப்படிக் கோப்பு இல்லை' என்ற செய்தி வரும், இல்லாதது லோடர்தான். 'ரீட்எல்ஃப்' கட்டளைக்குப் பெரிய ஏ விருப்பம் கொடுத்தால் சிபியு வி7 என்றும், விஎஃப்பி ரெஜிஸ்டர் வழியே ஆர்க்யுமென்ட் அனுப்புகிறது என்றும் தெரிய வேண்டும். கடைசியாக 'ஆப்ஜ்டம்ப்' கட்டளைக்குப் பெரிய டி (T) விருப்பம் கொடுத்து, ஜிலிப்சி என்று வரும் வரிகளில் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். போர்டில் எல்டிடி கட்டளை சொல்லும் பதிப்பைவிட அது பெரிதாக இருந்தால், வேறு எங்கிருந்தோ லைப்ரரி அறைக்குள் புகுந்திருக்கிறது. முதலில் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள்.